மூன்று இட்லித் தட்டுகளில் ஒரு கார்பரேட்டர்

இன்று காலை இந்த முற்றத்தில் இருப்பவர்கள்: நான், என் மனைவி பிரகாசி, அவள் தம்பி லாம்பர்ட், பக்கத்து வீட்டுச் செல்வக்கனி. ஆக நாலு பேர். செல்வக்கனி முழுநேரம் இல்லை. கூழ்வற்றல் காய எங்கள் முற்றத்து வெயில்தான் தோது என்று தட்டோடு வருகிறாள், போகிறாள். இருந்தாலும் வந்த ஆளை எண்ணாமல் விட்டால் கணக்கு நிற்காது. என் அண்ணன் பெர்க்மான்ஸைச் சேர்த்தால் ஐந்து. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, சேர்க்கக் கூடாது, ஆனால் விடிந்ததிலிருந்து அவர் இங்கே எங்கேயோ கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. நாலு என்றே வைத்துக்கொள்கிறேன். மணி ஒன்பது பத்து. ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நிற்கிறது, வலப்பக்க மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டேன். லாம்பர்ட் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படிக்கிறான், அதாவது பேப்பருக்கு மேலாக என்னைப் பார்க்கிறான். அவனுடைய மீன் வேன் தெருவில் நிற்கிறது. பின் கதவிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுவது இங்கே கேட்கிறது. இருபது சொட்டு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கு எண்ண வேண்டியது வேறு. வந்ததும் வராததுமாக அவன் சொன்னது ஒன்றுதான். "அத்தான், நான் சண்டைக்கு வரல. கார்பரேட்டரப் பிரிச்சுப் பாருங்க. உள்ள அழுக்கு இருந்துச்சா, வண்டி மேலதான் தப்பு, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லையா, சாவிய எங்கிட்டத் தந்துருங்க. எங்க அக்காள வச்சிட்டு இன்னொரு தடவ தண்டவாளத்துல நிக்கக் கூடாது." நான் சரி என்று தலையை ஆட்டினேன். நியாயமான பேச்சு. அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுமில்லை, எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது என்பதைத் தவிர, அதையும் அவன் சொல்லவில்லை.

முதல் வேலை பெட்ரோல் டேப்பை மூடுவது. சீட்டுக்குக் கீழே, முழங்காலுக்கு நடுவில், சின்ன இரும்புக் காது. நின்றால் திறந்திருக்கிறது, படுத்தால் மூடியிருக்கிறது. கை தானாகப் போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தது. வந்த பிறகுதான் நான் கையைப் பார்த்தேன். இது கை செய்தது, நான் செய்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டுத் தடவை இந்தக் கை அந்தக் காதைத் திருப்புகிறது, எந்தத் தடவையும் எனக்குச் சொல்வதில்லை. மூடியபின் குழாயை உருவினேன், இரண்டு சொட்டு விழுந்தது, நின்றது. அப்படியானால் மூடியிருக்கிறது. குறுக்கே படுத்திருக்கிறது, மூடியிருக்கிறது. இன்னொரு முறை பார்த்தேன். பிரகாசி பழைய இட்லித் தட்டு மூன்றைக் கொண்டுவந்து வேட்டித் துணியின் மேல் வைத்தாள். ஒரு தட்டுக்கு ஏழு குழி, ஒரு குழிக்கு ஒரு சாமான், அப்படித்தான் நான் எப்போதும் வைப்பது. கார்பரேட்டரில் பிரிக்கக் கூடிய சாமான் இருபத்திமூன்று. இருபத்தொன்று குழிகளில் உட்காரும், அடிக் கிண்ணமும் அதன் வாயில் ஒட்டும் கேஸ்கட் வளையமும் மட்டும் குழியில் அடங்காது, அவை துணியில். "இந்தத் தட்டுல இனி இட்லி அவிச்சா பெட்ரோல் மணக்கும். ஒங்களுக்குத் தனியா அவிச்சுத் தாரேன்" என்றாள் பிரகாசி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வியாழக்கிழமை விட்ட கண் மருந்து ஒரு நாளில் இறங்கிவிட்டது, ஆனாலும் வெயிலுக்குப் போட்டிருக்கிறாள். கண்ணாடி போட்டால் அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரிவதில்லை, எனக்கு அது ஒரு வகையில் வசதி. மேல் மூடி, அதன் இரண்டு திருகு, உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு, அதன் நீள ஊசி, ஊசியின் கிளிப், சுருள் கம்பி. முதல் தட்டு நிறைந்தது. ஏழு. இந்த ஏழில் அழுக்கு எதிர்பார்க்க முடியாது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. துடைத்துத் துடைத்து வைத்தேன், அழுக்குக்காகத் தேடுகிறவன் இவ்வளவு அவசரமாகத் துடைக்கலாமா என்று பிறகு தோன்றியது.

கிண்ணத்தைக் கழற்றுவதற்கு நாலு திருகு. மூன்று இளகிவிட்டன, நாலாவது கொஞ்சம் பிடிவாதம். அழுக்கு இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும், தொட்டித் துரு, குழாய் ரப்பரின் துகள், எங்கள் ஊர் காற்றில் வரும் உப்பு மண், எல்லாம் அங்கே இறங்கிப் படியும். போன தடவை, தீபாவளிக்கு முந்தின வாரம், கால் ஸ்பூன் அளவுக்கு எடுத்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம். ஐந்து மாதத்துக்குக் கொஞ்சமாவது வேண்டும். நான் கேட்பது கால் ஸ்பூன் இல்லை, ஒரு கடுகு. வியாழக்கிழமை மத்தியானம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை அணைத்தேன், டேப்பை மூடினேன். மற்றவர்கள் எஞ்சினை மட்டும்தான் அணைப்பார்கள். என் வண்டியில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி பழசு, டேப் திறந்திருந்தால் நிற்கும் நேரத்தில் பெட்ரோல் ததும்பிவிடும், அதனால் நான் மூடுவேன். இது என் வழக்கம், எந்த மெக்கானிக்கும் சொல்லித் தந்ததில்லை. கூட்ஸ் வண்டி வந்தது. நான் பெட்டிகளை எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியாது, முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் டாலி பார்த்தவன், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணிய ஆள், கண் முன்னால் ஒரே மாதிரி சாமான் வரிசையாகப் போனால் உள்ளே கோடு விழும். முப்பத்தொன்றாவது பெட்டியில் பின்னாலிருந்து பிரகாசி கேட்டாள், "என்ன ஏத்திட்டுப் போகுதான், நெலக்கரியா?" மருந்து விட்டதால் அவளுக்கு எல்லாம் பனியாகத் தெரிந்தது. "நெலக்கரி" என்றேன், எண்ணிக்கையை நழுவ விடாமல். "கறுப்பாத் தெரியுது, கூட்டிப்போட்ட மாதிரி" என்றாள். முப்பத்தாறு. ஐம்பத்தெட்டோடு முடிந்தது. கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்புப் பலகை. கேட் ஆள் கேட்டைத் தூக்கினான். ஐம்பத்தெட்டு என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கேட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை கூட ஞாபகம் இருக்கிறது, கிக்கரை உதைத்தது ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது உதையில் பிடித்தது. நாலாவது திருகு வந்துவிட்டது. கிண்ணத்தைத் தண்ணீர் சிந்தாமல் செம்பை இறக்குவது போல இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே பெட்ரோல், லேசான ஆயில் நீலம், அதன் அடியில் பித்தளையின் நிறம். விரலால் அடியைத் தடவினேன். விரலைப் பார்த்தேன். விரல் இருந்தது.

"இருக்கா?" என்றான் லாம்பர்ட். "இன்னும் நெறைய இருக்கு பிரிக்க" என்றேன். அது பொய் இல்லை. மிதவையைத் தாங்கும் குச்சியைத் தள்ளி எடுத்தேன், மிதவை, அதன் கீழ் ஊசி. ஊசியின் முனை தேய்ந்திருக்கிறது, அது தெரிந்த விஷயம். அழுக்கு இல்லை. இரண்டாம் தட்டும் ஏழு. அண்ணன் பெர்க்மான்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், என்னைவிட ஒன்பது வயது மூப்பு, ஒரு தீக்குச்சியை ஐம்பதடி உயரத்திலிருந்து தீப்பெட்டிக்குள் இறக்குவார் என்று கூலியாட்கள் சொல்வார்கள். அவருக்கு எங்கே தொடங்கியது என்று பிறகு எல்லோரும் பேசினார்கள். அண்ணி சொன்னாள், சாவியை மாற்றி வைத்தபோது என்று. மகன் சொன்னான், பேரனின் பெயரை மாற்றிக் கூப்பிட்டபோது என்று. இரண்டும் இல்லை. நான் பார்த்தேன், நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு கோயில் வாசலில், தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தார். நனைத்துவிட்டுக் கையை மேலே கொண்டுபோகவில்லை. சிலுவை போட வேண்டும் என்பது கைக்கு மறந்துவிட்டது. நனைந்த விரலைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல நின்றார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நான் அவர் தோளைத் தொட்டேன், விரலிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதிலிருந்து பதினாலு மாதம் கழித்து என்னிடம், "தம்பி யாரு, ஆபீஸ் ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். ஆகவே கையில்தான் தொடங்குகிறது, தலையில் இல்லை. தலை எண்ணிக்கொண்டே இருக்கும், ஐம்பத்தெட்டு என்று சரியாகச் சொல்லும். கை ஒரு காதைத் திருப்ப மறந்துவிடும். இல்லை, மறக்கவில்லை. திருப்பினேன். கேட் தூக்கியதும் குனிந்து திருப்பினேன், இரும்புக் காது வெயிலில் சுட்டது, பெருவிரலில் சூடு பட்டது. அந்தச் சூடு எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது இந்த வியாழனின் சூடா, போன மாத வியாழனின் சூடா? எல்லா வியாழனும் ஒரே மத்தியானம், ஒரே வெயில். சூட்டில் தேதி இல்லை.

பெட்ரோல் உள்ளே வரும் வாயில் ஒரு சின்ன வலை உண்டு, கொசுவலைத் துண்டு போல, பித்தளையில். அதைக் கழற்றி வாயால் ஊதினேன். ஊதிய பிறகுதான் ஊதுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் ஊதியதில் எதுவும் வேட்டித் துணியில் விழவில்லை, துணி வெள்ளை, விழுந்திருந்தால் தெரியும். செல்வக்கனி இரண்டாம் தட்டு வற்றலோடு வந்தாள். எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, ஒரு சோத்துப் பருக்கைக்காக மீன் வயித்தக் கிழிச்ச மாதிரில்லா இருக்கு. இவ்வளவு சாமானா உள்ள?" "இருபத்திமூணு" என்றேன். "திரும்ப மாட்டும்போது இருபத்திரண்டுதான் உள்ள போவும். எங்க வீட்டுக்காரரு மிக்ஸிய மாட்டுனா ஒண்ணு வெளிய நிக்கும், அத எடுத்துப் பையில போட்டுக்கிடுவாரு. மிக்ஸி ஓடத்தான் செய்யுது" என்றாள். லாம்பர்ட் சிரித்தான். பிரகாசி, "இவுகளுக்கு மிச்சம் விழாதுளா. மிச்சம் விழுந்தா ராத்திரி ஒறங்க மாட்டாக" என்றாள். அவள் சொன்னது சரி. ஒரு தடவை உர மூட்டைக் கப்பல், நாலு நாள் இறக்கினோம், முடிவில் என் டாலியில் பன்னிரண்டு மூட்டை கூடுதல். எழுத்தில் இருப்பதைவிட இறங்கியது பன்னிரண்டு அதிகம். சூப்பர்வைசர் சொன்னார், நீ தூங்கியிருப்பாய், இரண்டு ஐந்தையும் இரண்டு கோட்டையும் அடித்துவிடு. அவரிடம் வாய் திறந்து பேச எனக்கு வரவில்லை, மேலதிகாரி முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையைக் குனிந்துகொண்டு கூடுதல் பன்னிரண்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு, ஆனால் கோடு கோடுதான். மறுநாள் கோடவுனில் எண்ணியபோது பன்னிரண்டு இருந்தது. அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. எண்ணினால் இருந்தது.

எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராது. சூப்பர்வைசரிடம் மட்டும் இல்லை, பிரகாசியிடமும்தான். கல்யாணமாகி நாற்பது வருடம், எதிரே உட்கார்ந்து ஒரு முழுப் பேச்சு பேசியதில்லை. அவள் முகம் எதிரில் இருந்தால் சொல்ல வந்தது பாதியில் நின்று, சோறு போடு என்று முடியும். ஸ்கூட்டர் வாங்கிய முதல் வாரம் கண்டுபிடித்தேன், அவள் பின்னால் இருந்தால் எனக்குப் பேச்சு வருகிறது. ரோடு முன்னால் இருக்கிறது, அவள் காது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எஞ்சின் சத்தம் பாதியைத் தின்றுவிடும், மீதி பாதியை நான் துணிந்து சொல்லலாம். அண்ணன் என்னை ஆபீஸ் ஆள் என்றதைக்கூட அப்படித்தான் சொன்னேன், உப்பளம் ரோட்டில். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாள். இப்போதெல்லாம் வண்டி எடுப்பது பால், ரேஷன், அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு வியாழன் கண் ஆஸ்பத்திரி. போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. மாதத்துக்கு நூறு நிமிடம். சாவி போனால் அது போகும். லாம்பர்ட் நல்லவன், வேனில் கூட்டிப்போவான், முன் சீட்டில் மூன்று பேரும் ஒட்டி உட்காருவோம், நடுவில் அவன் பேசிக்கொண்டே வருவான். காற்றளவுக்கு ஏர் ஸ்க்ரூ, நிற்கும்போது ஓடும் வேகத்துக்கு ஐடில் ஸ்க்ரூ, இரண்டின் சுருள் கம்பிகள், நாலும் மூன்றாம் தட்டுக்குப் போயின. மெயின் ஜெட்டைக் கழற்றினேன். பயறு அளவுப் பித்தளை, நடுவில் ஓட்டை. வானத்துக்கு நேராகப் பிடித்தேன். வட்டமாக வெளிச்சம். எந்தப் பக்கமும் சப்பை இல்லை, முழு வட்டம். குழியில் வைத்தேன்.

இனி ஸ்லோ ஜெட். இதுதான் கடைசி. உண்மையில் இதுதான் முதல், வண்டி ஊர்ந்து போகும்போது பெட்ரோல் இதன் வழியாகத்தான் போகிறது, ஓட்டை ஒரு தலைமுடி கனம், ஒரு மண் துகள் போதும். கேட்டைத் தாண்டிக் கூட்டத்தில் ஊர்ந்துதானே போனோம். ஸ்லோ ஜெட் அடைத்தால் அப்படித்தான் நிற்கும், முதலில் ஒரு இருமல், பிறகு ஒன்றுமில்லை. வியாழக்கிழமை இருமியதா? இருமியது என்று நினைக்கிறேன். பெட்ரோல் தீர்ந்தாலும் இருமும். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் நின்றது. பிரகாசி எப்போதும் கேட் தூக்கியதும் செபமாலையில் பத்து மணி சொல்லத் தொடங்குவாள், தாண்டிக் கடைத்தெரு வரும்போது பத்தும் முடியும். அன்று நடுவில் நின்றதும் இறங்கினாள், கண் தெரியாததால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையில் ஒரு மணியைப் பிடித்தபடியே இருந்தாள், கேட் ஆள் ஓடிவந்தான், உப்பு லாரி டிரைவரும் கிளீனரும் வந்தார்கள், மூன்று பேர் தள்ளினார்கள். அடுத்த வண்டிக்கு நாலு நிமிடம் இருந்தது என்று கேட் ஆள் பிறகு சொன்னான். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "பெரியவரே, அம்மாவ வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னான். ஓரத்தில் நிறுத்தி உதைத்தேன், பதினாலு உதை. பதினைந்தாவதில் பிடித்தது. பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் நான் குனிந்தேன். அது எனக்குத் தெரியும். குனிந்து எதைத் தொட்டேன் என்பதுதான் தெரியவில்லை. ஸ்லோ ஜெட்டைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இளக்கி எடுத்தேன். வானத்துக்குப் பிடித்தேன். இருட்டு. இருட்டு, அடைத்திருக்கிறது, லாம்பர்ட் என்று கூப்பிட வாய் எடுத்தேன். பிறகு கையைக் கொஞ்சம் நேராக்கினேன். ஊசி முனை போல வெளிச்சம். நான் சாய்வாகப் பிடித்திருந்தேன். மறுபடி சாய்த்தேன், இருட்டு. நேராக்கினேன், வெளிச்சம்.

முற்றத்தின் சிமெண்ட் வெடிப்பில் மண் இருக்கிறது. கடற்கரை மண், பொடி, உட்கார்ந்த இடத்திலிருந்து இடது கையை நீட்டினால் எட்டும். ஒரு சிட்டிகை எடுத்தேன். எடுத்தது நான், கை இல்லை, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தச் சிட்டிகையைப் பெட்ரோலில் நனைத்துத் துணியில் வைத்து, இந்தா பார் என்றால் போதும். செல்வக்கனி கூட வந்து பார்ப்பாள். லாம்பர்ட் பேப்பரை மடித்துவிட்டு, சரி அத்தான் என்று எழுந்து போவான், அவன் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. அடுத்த ஆஸ்பத்திரி வியாழன் இருபத்தைந்து நிமிடம் போக, இருபத்தைந்து வர. கேட் இருக்கிறது. கேட்டில் கூட்ஸ் வரும், நான் எண்ணுவேன், எண்ணாமல் இருக்க முடியாது. சிட்டிகைக்குள் மண் நறநறத்தது. எத்தனை துகள் இருக்கும், நாற்பது, ஐம்பது. ஐம்பத்தெட்டு இருந்தாலும் இருக்கும். "என்னங்க, கையில என்ன?" என்றாள் பிரகாசி. கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியிருந்தது. "மண்ணு" என்றேன். "உள்ளயா?" "இல்ல. தரையில." விரலை உதறினேன். அவள் தலையை ஆட்டினாள், உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். லாம்பர்ட்டுக்கு ஒன்று, செல்வக்கனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் குடிக்கவில்லை.

பெட்ரோலில் கழுவி மாட்டினேன். கழுவ ஒன்றுமில்லை, இருந்தாலும் கழுவினேன். மூன்றாம் தட்டு காலியானது, இரண்டாம் தட்டு, கேஸ்கட், கிண்ணம், பிறகு முதல் தட்டு. இருபத்தொரு குழியும் வெறுமை, துணியும் வெறுமை. மிச்சம் இல்லை. செல்வக்கனி குனிந்து மூன்று தட்டையும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் நிக்கலியே அண்ணாச்சி" என்றாள், கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு. டேப்பைத் திறந்தேன். இந்தத் தடவை கையைப் பார்த்துக்கொண்டே திறந்தேன், காது நிமிர்ந்து நின்றது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்று இளக்குவது கணக்கு. உதைத்தேன், நாலாவதில் பிடித்தது, புகை சுவரில் பட்டுத் திரும்பியது. சூடாக விட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பினேன். ஒன்றே காலில் சத்தம் தடித்தது, ஒன்றே முக்காலில் மெலிந்து ஓடியது, ஒன்றரையில் உட்கார்ந்தது. ஐடில் ஸ்க்ரூவை இறக்கினேன், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும் வரை, வேகமாக ஓடிவந்தவன் நடைக்கு வருவது மாதிரி. நல்ல சத்தம். இதைவிட நன்றாக இந்த வண்டி நின்ற இடத்தில் ஓடியதில்லை. லாம்பர்ட் எழுந்து பக்கத்தில் வந்தான். "அருமையா ஓடுதே அத்தான். டாக்டருக்குப் படிச்சிருக்கணும் நீங்க. அப்போ அழுக்குதானா?" சத்தத்துக்காக அவன் காதருகே குனிந்தான், அவன் முகம் மிக அருகில் இருந்தது. நான் எஞ்சினை அணைத்தேன்.

டேப்பை மூடினேன். எல்லோரும் பார்க்கும்படி, காது குறுக்கே படுக்கும் வரை. இனி கிண்ணத்தில் தேங்கியது தீரும் வரைதான் வண்டி ஓடும். "எதுக்கு மூடுதிய?" என்றான் லாம்பர்ட். பிரகாசியைப் பார்க்காமல், ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, "பிரகாசி, மாலைய எடு. நான் உதைச்சதும் பத்து மணி சொல்லு. கேட்டுல சொல்லுத மாதிரியே, அதே வேகத்துல" என்றேன். "இங்கயா?" "இங்கதான்." "அக்கா, அத்தானுக்கு வெயில் ஏறிட்டுது" என்றான் லாம்பர்ட். பிரகாசி அவனிடம், "சும்மா இருலே" என்றாள். இடுப்பிலிருந்து மாலையை எடுத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மறுபடி போட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குப் பட்டது. இரண்டாவது உதையில் பிடித்தது. அவள் தொடங்கினாள். நான் கூட்டத்தில் ஊர்ந்தபோது பிடித்தது போலவே கைப்பிடியைக் கொஞ்சம் திருகியும் விட்டும் பிடித்தேன், லாரிக்குப் பின்னால் நிற்பது போல, சைக்கிள்காரனுக்கு வழிவிடுவது போல. ஒன்று. வண்டி ஒழுங்காக ஓடியது. இரண்டு. செல்வக்கனி, கோயில் அவளுக்கு வேறு என்றாலும், முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டாள். மூன்று. நாலு. லாம்பர்ட் பேப்பரை மடித்து மடித்து உள்ளங்கை அளவாக்கினான். ஐந்து. நிற்காமல் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன், பத்தும் முடிந்து இன்னும் ஓடினால், வியாழன் நின்றதற்குக் காரணம் இது இல்லை, வேறு ஏதோ, எனக்குத் தெரியாத ஏதோ. ஆறு. சத்தம் மாறவில்லை. ஏழின் முதல் பாதி. அப்போது அடி மெலிந்தது, சட்டென்று ஒரு கணம் வேகம் கூடியது, பெட்ரோல் தீரும்போது அப்படிக் கூடும், பிறகு ஒரு இருமல். எஞ்சின் நின்றது. பிரகாசி வாயில் பாதி மந்திரத்தோடு நின்றாள். தெருவில் வேனிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

"அன்னைக்கும் ஏழுதான்" என்றாள் பிரகாசி. "பிடிச்ச மணிய வீடு வர விடல நான்." லாம்பர்ட் என்னையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "என்ன அன்னைக்கும் ஏழு? என்னக்கா?" "அழுக்கு இல்லடே" என்றேன் நான். "உள்ள ஒண்ணும் இல்ல. சுத்தமா இருந்துச்சு. டேப்ப மூடுனவன் தொறக்கல. நான்தான்." ஐந்து வாக்கியம், அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். சொல்ல முடிந்தது எனக்கே புதிது. சாவியை வளையத்திலிருந்து உருவினேன், அதோடு பெட்டிச் சாவியும் இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டர் சாவி ஒன்று, மாற்றுச் சாவி ஒன்று, இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் விரலை மூடவில்லை. "ஒரு தடவ மறக்கது எல்லாருக்கும் உள்ளதுதான அத்தான். நான் மறக்கலையா, போன மாசம் ஐஸ் போடாம மீன ஏத்திட்டுத் திருச்செந்தூர் வர போயிட்டேன்" என்றான், குரல் இறங்கி. கேட்டது அவன்தான், இப்போது வாங்கத் தெரியாமல் நிற்கிறான். "வச்சுக்கோ" என்றேன். செல்வக்கனி வற்றல் தட்டைத் தேவையில்லாமல் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "ஆஸ்பத்திரி போற வியாழக்கெழம நான் வேனக் கொண்டுட்டு வாரேன், முன் சீட்டுல மூணு பேரும் தாராளமா" என்று லாம்பர்ட் தொடங்கியபோது பிரகாசி, "வேண்டாம். பஸ்ல போறோம்" என்றாள். "ரெண்டு பஸ்சு மாறணுமேக்கா." "மாறுவோம். நான் முன் சீட்டுல உக்காந்துக்கிடுதேன். இவுக எனக்குப் பின் சீட்டுல உக்காரட்டும்." "அதென்ன ஆளுக்கொரு சீட்டு? சண்டையா ரெண்டு பேருக்கும்?" அவள் என் பக்கம் திரும்பவில்லை. முன்னால் அவள், பின்னால் நான், எஞ்சின் சத்தம், சன்னல். பஸ்ஸில் அவள் பின்கழுத்து எனக்குத் தெரியும். நான் காலித் தட்டு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன், வேட்டித் துணியை உதறி மடித்தேன். மணி பதினொன்று நாற்பது. பிரகாசி ஏழாவது மணியை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்து, விரலை நகர்த்தாமல் நின்றாள். பத்தில் ஏழு போக, மிச்சம் மூன்று.